வெள்ளவத்தைக் கால்வாய் மாதிரியாக்கம்: கடல்வாய் எல்லை, மழைத் தரவு பற்றி உதவி தேவை

குழுவிலுள்ள நீர்வளப் பொறியியலாளர்களுக்கும் மாணவர்களுக்கும் வணக்கம். கொழும்பின் வெள்ளவத்தைக் கால்வாயில் வந்து சேரும் ஒரு சிறிய நீரேந்து பகுதியின் மழைநீர் ஓட்டத்தை, அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகவரகத்தின் இலவச மென்பொருளான ‘ஸ்வம்’ கொண்டு மாதிரியாக்கி வருகிறேன். 1971 முதல் வளர்ந்துவரும் அம்மென்பொருள் நிலத்தடிக் குழாய்களையும் திறந்த கால்வாய்களையும் ஒரே வலையமைப்பாகக் கணக்கிடுவதால், கொழும்புக்கு அதுவே பொருத்தமானது என்று கருதுகிறேன்.

சிக்கல் கால்வாய் கடலில் சேரும் கடல்வாயில், அதாவது மாதிரியின் எல்லையில்தான் இருக்கிறது. நிலம் ஏறத்தாழ மட்டமாக இருப்பதால், கால்வாயின் நீர்மட்டம் உயரும்போது ஒழுங்கைகளின் வடிகான்களுக்குள் நீர் பின்னோக்கி ஏறுகிறது. நீர் முன்னோக்கி மட்டுமே ஓடும் எனக் கொள்ளும் கினமெட்டிக் வேவ் முறை இதைக் காட்டாது என்பதால், பின்னோட்டத்தையும் கணக்கிடும் டைனமிக் வேவ் முறையைத் தெரிவுசெய்துள்ளேன். எமது கரையில் கடல் ஏற்றவிறக்கம் ஒரு மீற்றருக்கும் குறைவே. எனினும் வாய்ப்பகுதியில் மணல் சேரும் நாட்களில் வெளியேற்றம் வெகுவாகத் தடைப்படுகிறது. அம்மணல்திட்டை ஓர் அணைக்கட்டாக உள்ளிடுவதா, கடல்மட்டத்தையே உயர்த்திக் கொடுப்பதா?

மழைத் தரவும் என்னிடம் நாளாந்த மொத்தமாகவே உள்ளது. ஒரு மணித்தியாலத்துக்குள் வெள்ளம் ஏறும் இடத்துக்கு அது போதாது. அதனை 15 நிமிட இடைவெளிகளாகப் பிரித்த அனுபவமுள்ளவர்கள், எம் பருவமழைக்கு ஏற்ற முறையைக் கூறினால் பேருதவியாக இருக்கும். 2010 நவம்பரில் பாராளுமன்ற வளாகமே நீரில் மூழ்கிய நகரம் இது. ஆகவே பிழையான கடல்வாய் எல்லையுடன் வெள்ள வரைபடம் வெளியிட எனக்கு மனமில்லை.