ரோட்டுப் பாலத்துக்கு அடியில் இருந்த அருவி

போன மாதம் அமெரிக்காவில் தென் கரோலினா மாநிலத்தில் உள்ள கிரீன்வில்லுக்குக் குடும்பத்தோடு போயிருந்தோம். மெயின் ஸ்ட்ரீட்டில் சாப்பாட்டுக் கடை தேடி நடந்தபோது தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. கடைத்தெருவில் அருவியா என்று படியிறங்கிப் போனால், ரீடி ஆறு பாறை பாறையாகத் தாவி இறங்கிக்கொண்டிருந்தது. ஃபால்ஸ் பார்க் என்று பெயர். கட்டணம் கிடையாது. சாப்பாடு மறந்தே போனது.

அருவிக்கு எதிரே லிபர்டி பாலம். 355 அடி நீளத்துக்கு வில்லாக வளைந்து நிற்கும் நடைபாலம். அதைத் தாங்கும் கம்பிவடம் ஒரு பக்கம் மட்டும்தான். அருவிப் பக்கம் பார்வையை மறைக்க எதுவுமே இல்லை. நடுவில் நின்றால் காலடியில் லேசாக அதிர்கிறது. என் மகள் அதற்காகவே நாலு தடவை நடந்தாள்.

அங்கே ஒரு பாட்டியிடம் பேச்சு வந்தது. அந்த ஊரிலேயே பிறந்தவராம். "இதே இடத்தில் கார்கள் போகும் பெரிய பாலம் இருந்தது. வருஷக்கணக்காக அதில் போயிருக்கிறேன், கீழே அருவி இருப்பது எனக்குத் தெரியாது" என்றார். கேம்பர்டவுன் பாலம், 1960-இல் கட்டியது, நான்கு வழிச் சாலை. அருவிக்கு மேலேயே போட்டுவிட்டார்கள். 1967-இலிருந்து உள்ளூர்த் தோட்டக் கழகப் பெண்கள் கரையைச் சுத்தம் செய்து மரம் செடி வைக்கத் தொடங்கினார்கள். ஆனாலும் அந்தப் பாலத்தை இடிக்க முப்பத்தைந்து வருஷம் ஆனது. நடைபாலம் வந்தது 2004-இல். நன்றாக இருக்கிற பாலத்தை எதற்கு இடிக்கிறார்கள் என்று அப்போது தானும் கோபப்பட்டதாகப் பாட்டி சொன்னார்.

அப்புறம் அவர் சொன்னதுதான் எனக்குள் தங்கிவிட்டது. இந்த ஊர் ஒரு காலத்தில் பஞ்சாலைகளால் பிழைத்த ஊர். ஆலையில் அன்றைக்கு என்ன சாயமோ, ஆற்றுக்கும் அதே நிறமாம். நான் திருப்பூர்க்காரன். நொய்யல் அப்படி ஓடியதைப் பார்த்து வளர்ந்தவன். பாட்டி சொல்லச் சொல்ல அந்த நெடிகூட மூக்கில் வந்துவிட்டது.

அன்றிரவு அருவியின் வீடியோவை அப்பாவுக்கு அனுப்பி, பாட்டி சொன்னதையும் சொன்னேன். சாயப்பட்டறையில் வேலை பார்த்தவர் அவர். முழுதும் கேட்டுவிட்டு, "இப்பத் தண்ணி என்ன நெறம் கண்ணு?" என்றார்.

"ஆத்து நெறந்தானுங்கப்பா" என்றேன்.