நித்திரைக்குள்ள கை கால அடிக்கிற ஆளுக்கு ராமுழுக்க ஈஈஜி (மூளை அலை டெஸ்ட்) எடுக்கிறதுல பிரயோசனம் இரிக்கா?

வாவிக்கரை:
அப்பாக்கு 71 வயசு, ரெண்டு வருசமா விடியச்சாமத்துல கண்ண மூடினபடியே கத்துறார், கைய வீசுறார். போன கிழமை வயலுக்குள்ள யானை வந்துட்டெண்டு கனவு கண்டு யானைவெடி எறியிற மாதிரி கைய ஓங்கினதுல அம்மாக்கு கண்ணுக்குக் கீழ கண்டிப்போச்சு. எழுப்பினா கனவ ஒண்டு விடாம சொல்றார். சொந்தக்காரர் நூல் கட்டச் சொல்றாங்க. தெரிஞ்ச நேர்ஸ் ஒராள், இது கை கால் நடுங்கி விறைக்கிற பார்க்கின்சன் நோய்க்கு முன்னுக்கு வாற அறிகுறியா இரிக்கலாம், மூளை அலை பாருங்க எண்டா. உண்மையா?

அக்கரைப்பற்றான்:
நூலும் வேணாம் டெஸ்டும் வேணாம் தம்பி. ஆழ்ந்த நித்திரைல வாற டெல்டா அலை வயசு போகப்போக எல்லாருக்கும் குறையும். அத வெச்சு நோய் எண்டு சொன்னாலும் நிப்பாட்ட மருந்தில்ல. எங்கட வாப்பாக்கு அல்சைமர் மறதிநோய் எண்டு ஆரம்பத்துலயே சொல்லிட்டாங்க, மறுகா சைக்கிள் சாவிய எங்கயாச்சும் வெச்சு மறந்தாக்கூட நோய் முத்திட்டெண்டு இருந்து அழுவாரு. அந்தப் பயம் உங்கட அப்பாக்கு வேணாம்.

களுதாவளை மகள்:
காக்கா, டெல்டா வேற, இவர் கேக்கிறது வேற. கனவு வாற ரெம் நித்திரைல மூளை அலை முழிச்சிருக்கிற ஆள்ட மாதிரி சின்னதா வேகமா ஓடும், ஆனா மூளைத்தண்டு உடம்ப அசையவிடாம கட்டிவெச்சிரும், அதாலதான் நாம கனவுல ஓடினாலும் பாய்லயே கிடக்கிறம். ரெம் நித்திரை நடத்தைக் கோளாறு எண்டுற நோய்ல அந்தக் கட்டு அவிழுது. ராத்திரி டெஸ்டுல நாடில (முகவாய்ல) ஒட்டுற வயர்ட கோடு தட்டையா ஓடவேண்டிய நேரத்துல துடிக்கும். ரெம் விடியச்சாமத்துலதான் கூட, அப்பா அடிக்கிற நேரமும் அதுதானே. 1986ல இத நோய் எண்டு எழுதின அமெரிக்க டொக்டர்மார் ஷென்க்கும் மஹோவால்டும் 1996ல திரும்பிப் பாக்கக்குள்ள இந்த நோயுள்ள 29 ஆம்பிளைகள்ள 11 பேருக்கு பார்க்கின்சன் மாதிரி நோய் வந்திருந்திச்சு. 2019ல இதே நோயுள்ள 1280 பேர வெச்சுப் பாத்ததுல 12 வருசத்துக்குள்ள நூத்துக்கு 73 பேருக்கு மேல பார்க்கின்சன் மாதிரி நோயோ மறதிநோயோ!

அக்கரைப்பற்றான்:
சரி தங்கச்சி, ஆனா குறட்டைல மூச்சடைச்சாலும், மன அழுத்தக் குளிசை போட்டாலும் இப்பிடி அடிப்பாங்களே. அதோட 12 வருசம் காத்திருந்து பயப்படுறதுக்கா இந்தச் செலவு?

களுதாவளை மகள்:
மூச்சடைப்பா இதுவா எண்டு பிரிச்சுக் காட்டுறதே அந்த ராத்திரி டெஸ்ட்தான், பகல்ல 20 நிமிசம் எடுக்கிற ஈஈஜில இது பிடிபடாது. செலவப் பத்திச் சொல்றன் கேளுங்க. எங்கட மாமாவும் இப்பிடித்தான் வருசக்கணக்கா கட்டில்லயிருந்து பாய்ஞ்சவர், நாங்க சிரிச்சிட்டு விட்டுட்டம். மறுகா காய்ச்சலுக்கு ஒரு ஆஸ்பத்திரில வெச்சிருக்கக்குள்ள ராவுல குழம்பிக் கத்தினாரெண்டு குழப்பத்த அடக்குற ஹலோபெரிடோல் ஊசி போட்டாங்க, மூணு நாள் மரக்கட்டையாக் கிடந்தார், தண்ணி விழுங்க ஏலாது. அவருக்கு லூயி பொடி மறதிநோய், அதுவும் பார்க்கின்சனுக்குச் சொந்தமான நோய்தான், அந்த ஆக்களுக்கு அந்த ஊசி ஆகவே ஆகாது. நித்திரைக் கதைய முதலே டொக்டரிட்ட சொல்லியிருந்தா போட்டிருக்கமாட்டாங்க.

அக்கரைப்பற்றான்:
ஊசி விசயம் எனக்குத் தெரியாது, அது நியாயம்தான். ஆனாலும் அப்பாட்ட கேக்காம கூட்டிப் போகாதீங்க. எங்கட வாப்பாட்ட ஒருத்தரும் கேக்கல்ல.

வாவிக்கரை:
கேட்டன் காக்கா. நோயப் பத்தி ஒண்டும் கேக்கல்ல, "கொம்மாக்கு அடி விழாம இரிக்க வழி இரிக்கா எண்டு கேளு மனே" எண்டார். இண்டைக்கு அம்மாட பாய மற்ற அறைல போட்டன், அப்பாட தலமாட்டுல இருந்த டோர்ச்சையும் கத்தியையும் எடுத்துட்டன், கட்டில் ஓரத்துல பழைய மெத்தை விரிச்சிருக்கு. புதன்கிழமை கிளினிக் போறம்.