மூன்று வரி நில வணக்கம்: "காவலர்" என்று எழுதலாமா?

நங்கநல்லூர் வாத்தியார்:

ஓய்வு பெற்ற தமிழாசிரியன் நான். மகள் சிட்னிக்கு மேற்கே பிளாக்டவுனில் இருக்கிறாள். அங்கே பூர்வகுடி மக்களும் மற்றவர்களும் சேர்ந்து நடத்தும் சிறிய நல்லிணக்கக் குழுவில் அவளும் உண்டு. ஓடைக்கரையில் குப்பை பொறுக்குவார்கள், மாதம் ஒருமுறை நூலகத்தில் தேநீர் குடித்தபடி பேசுவார்கள், மே 27 முதல் ஜூன் 3 வரை வரும் நல்லிணக்க வாரத்தில் ஒரு நடை போவார்கள். வாரத்தின் முதல் நாள் 1967 வாக்கெடுப்பின் நினைவு. மக்கள்தொகைக் கணக்கில் பூர்வகுடிகளையும் சேர்க்கலாம் என்று 90 விழுக்காட்டுக்கும் மேலானோர் அன்று வாக்களித்தார்கள். அதுவரை அவர்கள் அந்தக் கணக்கில் இல்லை என்பதை நினைத்தாலே எனக்கு நெஞ்சு அடைக்கிறது. கடைசி நாள், மாபோ என்பவர் தொடுத்த நில வழக்கில் 1992இல் தீர்ப்பு வந்த நாள். வெள்ளையர் வரும்போது அந்த மண் யாருக்கும் சொந்தமற்றுக் கிடந்தது என்ற வாதத்தை அந்நாட்டின் தலைமை நீதிமன்றம் அன்றுதான் தூக்கி எறிந்தது.

2023 வாக்கெடுப்பில், பூர்வகுடிகளின் ஆலோசனைக் குரலாக ஓர் அமைப்பை அரசமைப்பில் சேர்ப்பதற்கு ஏறத்தாழ 60 விழுக்காட்டினர் மறுப்புச் சொன்னார்கள். அதன் பிறகு குழுவில் பாதிப் பேர் வருவதில்லையாம். மிச்சம் ஏழு பேர், அவர்களில் அந்தப் பகுதியின் பூர்வகுடிகளான டாருக் இனத்துப் பாட்டி ஒருவர். இந்த ஆண்டு நடைக்கு முன்பு சொல்லும் நில வணக்கத்தை, அதாவது அந்த மண்ணின் பூர்வகுடிகளுக்கு மரியாதை சொல்லும் சில வரிகளை, அவரவர் வீட்டு மொழியிலும் கேட்க வேண்டும் என்று அவர் சொல்லிவிட்டார். தமிழ் என் தலையில் விழுந்தது. மூன்று நாளாக மல்லுக்கட்டி எழுதியது இதுதான்:

"நாம் கூடியிருக்கும் இந்த நிலத்தின் பாரம்பரியக் காவலர்களான டாருக் மக்களுக்கும், மறைந்த, வாழும் அவர்களுடைய மூத்தோர்களுக்கும் மரியாதை செலுத்துகிறோம்."

அமைச்சர் சிலைக்கு மாலை போட்ட செய்தி மாதிரி இருக்கிறது என்கிறாள் மனைவி. அவள் கணக்கு ஆசிரியை, ஆனாலும் சொன்னது சரி. வழி சொல்லுங்கள். பேச்சிலே பாட்டி நிலம் என்று சொல்லும்போது ஆறு, மரம், விலாங்கு மீன் எல்லாவற்றையும் சேர்த்துத்தான் சொல்கிறாராம். பரமட்டா என்ற ஊர்ப்பெயரிலேயே விலாங்கு இருக்கிறதாம்.

காசிமேட்டுக்காரன்:

ஐயா, முதலில் அந்தக் "காவலரை" வெளியே அனுப்புங்கள். எங்கள் பகுதியில் காவலர் என்றால் லத்திதான் நினைவுக்கு வரும்.

"பூர்வகுடி" நல்ல சொல், விட்டுவிடாதீர்கள். "ஆதிவாசி" வேண்டவே வேண்டாம், இலைப்பாவாடை கட்டிய சினிமாக் கூத்து கண்ணில் வந்துவிடும். குப்பத்தைக் காலி செய்து நகரத்துக்கு வெளியே அடுக்குமாடிக்குப் போகச் சொன்னபோது நாங்கள் அட்டையில் எழுதியதும் "சென்னையின் பூர்வகுடிகள்" என்றுதான். யாருக்கும் சொந்தமற்ற நிலம் என்கிறீர்களே, அதற்கு இங்கே பெயர் புறம்போக்கு. வலை உலர்த்தும் மணல், படகு ஏற்றும் மணல், எல்லாம் தாளில் புறம்போக்கு. மாபோ யாரென்று இன்றுதான் படித்தேன். வடக்கே ஒரு தீவுக்காரராம், மகிழ்ச்சி.

பரமட்டாவில் இருந்து:

அண்ணா, நான் யாழ்ப்பாணத்தவள், இங்கு வந்து இருபது வருடமாகிறது. காசிமேட்டுத் தம்பி விளையாட்டாகச் சொன்னது இங்கே விளையாட்டில்லை. காவலில் நேர்ந்த பூர்வகுடிச் சாவுகளை விசாரித்த ஆணைக்குழு 1991இல் அறிக்கை தந்தது. நல்லிணக்கம் வேண்டும் என்று அதன் கடைசிப் பரிந்துரை சொல்கிறது. நல்லிணக்கத்துக்கான மன்றத்தை நாடாளுமன்றம் ஏற்படுத்தியதும் அதே வருடம்தான். அந்தச் சாவுகள் இன்னும் நிற்கவில்லை. அவர்கள் முன்னால் நின்று "காவலர்" என்று வாசித்தால் தமிழ் அறிந்த எனக்குக் கூசும்.

"நல்லிணக்கம்" என்ற சொல்லும் எங்களுக்குக் கசப்பு. பிள்ளையைத் தேடும் தாய்மாரிடம் அந்தச் சொல்லை நீட்டிய நாட்டிலிருந்து வந்தவர்கள் நாங்கள். பதாகையில் "சேர்ந்து நடப்போம்" என்று போடுங்கள், போதும்.

இன்னொன்று. "வரவேற்கிறோம்" என்று எந்த இடத்திலும் எழுதிவிடாதீர்கள். வரவேற்பது அந்த மண்ணின் மூத்தோருக்கு மட்டும் உள்ள உரிமை. மற்ற எல்லோரும் வணக்கம்தான் சொல்லலாம். விருந்துக்குப் போன வீட்டுத் திண்ணையில் நின்றுகொண்டு நாமே "வாருங்கள், வாருங்கள்" என்போமா?

பவழக்காரத் தெரு:

சார், பிளாக்டவுன் என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். என் கடை இருக்கும் ஜார்ஜ் டவுனுக்கும் பழைய பெயர் அதுதான், கறுப்பர் நகரம். கோட்டைக்குள் வெள்ளையர், வெளியே நாம். பிறகு ஐந்தாம் ஜார்ஜ் பெயரை ஒட்டினார்கள். உங்கள் மகள் ஊருக்கு அந்தப் பெயர் எப்படி வந்தது?

பரமட்டாவில் இருந்து:

ஆளுநர் மக்குவாரி 1814இல் பரமட்டாவில் பூர்வகுடிப் பிள்ளைகளுக்கென்று ஒரு பள்ளி தொடங்கினார். பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்து வைத்த பள்ளி அது. 1823இல் அதை இப்போதைய பிளாக்டவுன் பக்கம் மாற்றினார்கள், அதனால் ஊருக்கும் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. அந்தப் பள்ளி இருந்த நிலம் 2018இல் டாருக் மக்களிடம் திரும்பி வந்தது. வாத்தியார் ஐயா, நடையை அங்கே முடிக்கலாமா என்று பாட்டியிடம் கேட்கச் சொல்லுங்கள். நீங்களாக முடிவு செய்ய வேண்டாம்.

நங்கநல்லூர் வாத்தியார்:

நாற்பது ஆண்டு கற்பித்தவன், மாணவனாக உட்கார்ந்திருக்கிறேன். "நாடு" என்ற சொல்லை, ஆஸ்திரேலிய அரசைச் சொல்வதாகிவிடும் என்று பயந்து ஒதுக்கியிருந்தேன். சென்னையே தொண்டை நாட்டில்தானே இருக்கிறது! அந்தப் பழைய பொருளில் எடுத்துக்கொண்டேன். இப்போது இப்படி:

"இது டாருக் நாடு. இந்த ஆற்றையும் மண்ணையும் காலங்காலமாகப் பேணி வருபவர்கள் டாருக் மக்கள். மறைந்த மூத்தோரையும் நம்மோடு இருக்கும் மூத்தோரையும் வணங்கி நடக்கிறோம்."

மகள் தொலைபேசியில் வாசித்துக் காட்டியிருக்கிறாள். பாட்டிக்கு ஒரு சொல்லும் புரியவில்லை, இரண்டு முறை வாசிக்கச் சொன்னாராம். பள்ளி நிலம் பற்றி யோசித்துச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார்.

"வணங்கி" என்றால் கை கூப்ப வேண்டுமா என்று பேத்தி கேட்டாள். கூப்பலாம் என்றேன். பதாகையைப் பிடித்திருக்கும் கையை எப்படிக் கூப்புவது என்கிறாள். இதற்கும் யாராவது வழி சொல்லுங்கள்.