எஃப்டிபி (ஆசிரியர் பயிற்சி முகாம்) முடியுது, சான்றிதழும் வருது. வகுப்பு மட்டும் மாறலை. நெல்லைப் பக்கத்து இன்ஜினியரிங் ஆசிரியர்கள் என்ன செய்யுதீங்க?

நாங்குநேரி ட்ரிபிள்இ:

வணக்கம். நாங்குநேரி பக்கம் ஒரு தனியார் இன்ஜினியரிங் காலேஜ்ல ட்ரிபிள்இ (எலெக்ட்ரிக்கல்) டிபார்ட்மென்ட்ல வேலை பாக்கேன். இந்த செமஸ்டர் செகண்ட் இயருக்கு மெஷின்ஸ் டூ, அதாவது மோட்டார் பாடம் எடுக்கேன். வகுப்புல 60 பேர். பாதிக்கு மேல தமிழ் மீடியம். 7.5 சதவீத ஒதுக்கீட்டுல வந்த அரசுப் பள்ளிப் பிள்ளைகளும் உண்டு. "புரிஞ்சுதா?"ன்னு கேட்டா எல்லாரும் தலையை ஆட்டுதாங்க. இன்டர்னல் பேப்பர் திருத்தும்போதுதான் விஷயம் தெரியுது. ஸ்லிப்புக்கு (மோட்டாருக்குள்ள சுத்துத காந்தப்புலத்தை விட ரோட்டார்ங்கிற சுத்துத பாகம் எத்தனை சதவீதம் பின்தங்குதுங்கிறது) சூத்திரம் கேட்டா அச்சடிச்ச மாதிரி எழுதுதாங்க. 4 போல், 50 ஹெர்ட்ஸ் மோட்டார் 1440 ஆர்பிஎம்ல ஓடினா ரோட்டார் கரண்ட்டோட ஃப்ரீக்வென்சி என்னன்னு கேட்டா பேனா நின்னுருது. காந்தப்புலம் 1500ல சுத்தும், ஸ்லிப் 4 சதவீதம், 50ல 4 சதவீதம் 2 ஹெர்ட்ஸ்னு எழுதினவங்க ரொம்பக் கொஞ்சம்.

எங்க காலேஜ்ல வருஷா வருஷம் அஞ்சு நாள் எஃப்டிபி நடக்கும். ப்ளூம்ஸ் லெவல் (கேள்வியை யோசனை மட்டப்படி பிரிக்கிறது), சிஓ-பிஓ மேப்பிங் (பாட இலக்கைப் படிப்போட இலக்கோட பொருத்துதது), புதுசு புதுசா ஆன்லைன் டூல் எல்லாம் சொல்லுவாங்க. அடுத்த திங்கக்கிழமை எல்லாரும் பழையபடி போர்டுல எழுத, பிள்ளைங்க அதைப் பாத்து எழுத, மணி அடிச்சிரும். இப்போ ஹெச்ஓடி (துறைத் தலைவர்), அடுத்த செமஸ்டருக்கு முன்னாடி டிபார்ட்மென்ட்டுக்கு ஏதாவது ஏற்பாடு பண்ணும்மான்னு என்கிட்ட விட்டிருக்கார். இன்னொரு அஞ்சு நாள் பேச்சுக்கு ஆள் கூப்பிட எனக்கு மனசு வரலை. போர்ஷனும் முடியணும், வகுப்பும் உண்மையிலேயே மாறணும். செஞ்சு பாத்தவங்க சொல்லுங்க.

பாளை வாத்தியார்:

மேடம், நானும் இதே பாடத்தை ரொம்ப வருஷமா பாளையங்கோட்டையில எடுத்துக்கிட்டு வாரேன். வெளியில இருந்து யாரையும் கூப்பிட வேண்டாம். உங்க டிபார்ட்மென்ட் ஆட்களே ஒருத்தர் வகுப்புல இன்னொருத்தர் போய் கடைசி பெஞ்சுல உக்காருங்க. இதை நான் முழு நம்பிக்கையோட சொல்லுதேன்.

ஆனா போய் உக்காந்து பாக்க அங்க ஏதாவது நடக்கணும்லா? அதனால வகுப்பை முதல்ல சொல்லிருதேன். டார்க் (மோட்டாரைச் சுத்த வைக்கிற திருப்பு விசை) பாடத்தை நான் இப்படித்தான் தொடங்குவேன். "கோடையில சாயங்காலம் வாழைக்குத் தண்ணி பாய்ச்சப் போறீங்க. ஸ்டார்ட்டரை அமுக்கினா மோட்டார் உறுமுது, சுத்த மாட்டேங்கு. மூணு பேஸும் இருக்கு. 415 வோல்ட் வரவேண்டிய இடத்துல 332 வருது, அதாவது 80 சதவீதம். கிளம்புத நேரத்து டார்க் எத்தனை சதவீதம் இருக்கும்? அ) 80, ஆ) 64, இ) ஃப்ரீக்வென்சி மாறலையே, அதனால 100." இதை போர்டுல எழுதிட்டு நான் பேசவே மாட்டேன். ஒரு நிமிஷம் யோசிச்சு நோட்டுல விடையைக் குறிக்கணும், அப்புறம் கை தூக்கணும். 'அ'வுக்குத்தான் கூட்டம் சேரும். சரியான விடை எதுன்னு அப்போ சொல்லிராதீங்க. "வேற விடை போட்டவன் யாரு பக்கத்துல? அவன்கிட்ட பேசு"ன்னு விட்டுருங்க.

அந்த ரெண்டு மூணு நிமிஷம் வகுப்பு போடுத சத்தம் இருக்கே, அதுக்காகத்தான் நான் இந்த வேலையில இருக்கேன். களக்காட்டுப் பையன் ஒருத்தன், "எங்க தோட்டத்துல வோல்டேஜ் கொஞ்சம் இறங்கினாலே மோட்டார் எடுக்காதுல. 80 இருந்தா எடுக்கணும்லா?"ன்னான். முக்கூடல் பிள்ளை ஒண்ணு திரும்பி, "வோல்டேஜ் இறங்கினா காந்தப் பிளக்ஸும் குறையும், ரோட்டார் கரண்ட்டும் குறையும். ரெண்டையும் பெருக்கணும்லா?"ன்னுச்சு. டார்க் வோல்டேஜோட வர்க்கத்தைப் பொறுத்து மாறும்னு நான் நாலு தடவை எழுதிப் போட்டாலும் அந்தப் பையன் மனசுல அப்படி உக்காராது. மறுபடியும் கை தூக்கச் சொன்னா 'ஆ'வுக்கு ஆள் வந்துரும். பிறகு 0.8-ஐ 0.8-ஆல பெருக்கிக் காட்டி, காயில் எப்படிப் புகையுதுங்கிறதையும் சொல்லிட்டு அடுத்ததுக்குப் போயிருவேன். மொத்தமும் பத்து நிமிஷத்துல முடிஞ்சிரும்.

தமிழ் மீடியம் பிள்ளைங்களைத் தமிழ்லயே வாதாட விடுங்க. வாதம் முடிஞ்சதும் காரணத்தை ரெண்டு வரி இங்கிலீஷ்ல எழுதச் சொல்லுங்க. பரீட்சைத் தாள்ல எழுதப்போறது அந்த ரெண்டு வரியைத்தானே.

இந்த முறை ஹார்வர்டுல எரிக் மசூர்ங்கிற இயற்பியல் பேராசிரியர் 1991ல இருந்து நடத்தினது. 2014ல அமெரிக்காவுல 225 ஆய்வுகளைச் சேத்து வச்சுப் பாத்திருக்காங்க. மாணவர்களைச் செய்யவும் பேசவும் வைக்கிற வகுப்பை விட, வெறும் விரிவுரை வகுப்புல ஃபெயிலாகுத வாய்ப்பு ஒன்றரை மடங்கு இருந்திருக்கு. ஹார்வர்டுலயே 2019ல வந்த இன்னொரு ஆய்வு உங்களுக்கு ரொம்ப முக்கியம். அப்படிப் பேச வச்ச வகுப்புல பிள்ளைங்க கூடுதலாக் கத்துக்கிட்டாங்க, ஆனா கம்மியாக் கத்துக்கிட்டதா நினைச்சாங்க. அதனால முதல் செமஸ்டர் ஃபீட்பேக்ல உங்க மார்க் இறங்கலாம். ஹெச்ஓடிகிட்ட முன்கூட்டியே சொல்லி வச்சிருங்க. பிள்ளைங்ககிட்டயும் முதல் நாளே ஏன் இப்படி நடத்துதேன்னு சொல்லிருங்க.

இனி கடைசி பெஞ்சு. போறவங்க ரெண்டே ரெண்டு விஷயம் குறிச்சா போதும்: வாத்தியார் கேள்வி கேட்டுட்டு எத்தனை விநாடி பொறுத்தார், பதில் எந்த பெஞ்சுல இருந்து வந்துது. மேரி பட் ரோங்கிற அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் அம்மா 1970கள்லயே இதை அளந்திருக்காங்க. ஆசிரியர்கள் சராசரியா ஒரு விநாடிதான் பொறுக்காங்க. மூணு விநாடி பொறுத்தாலே பதிலோட நீளமும் தரமும் கூடுது. ஒரு விநாடியில ஸ்லிப் கணக்கு யாருக்கு வரும்?

குறிச்சதை ஹெச்ஓடிகிட்டயோ அப்ரைசல் ஃபைல்லயோ கொண்டு போகக்கூடாது. இதுல மட்டும் கண்டிப்பா இருங்க. வகுப்பு முடிஞ்சதும் ரெண்டு பேரும் கேன்டீன்ல டீயைக் குடிச்சுக்கிட்டே பேசிக்கிடணும், அதோட சரி. இதுக்கு மார்க் போட ஆரம்பிச்சீங்கன்னா அன்னையில இருந்து எல்லாரும் நடிக்க ஆரம்பிச்சிருவாங்க.

தென்காசி மெக்கானிக்கல்:

சார் சொல்லுதது நல்லா இருக்கு. ஆனா நேரம் எங்க இருக்கு? வாரத்துக்கு 18 மணி நேரம் வகுப்பு, லேப். அது போக காலேஜ் தர அங்கீகாரத்துக்கு என்பிஏ ஃபைல், நாக் ஃபைல். ஏப்ரல், மே ஆனா ஆலங்குளம், சுரண்டைன்னு வீடு வீடா அட்மிஷனுக்கு அலைய விடுதாங்க. வகுப்புக்குத் தயார் பண்ணுத நேரமே ராத்திரி பத்து மணிக்கு மேலதான். இதுல இன்னொருத்தர் வகுப்புல போய் உக்காரச் சொன்னா யாரு வருவா? அஞ்சு யூனிட்டையும் யாரு முடிப்பா?

பாளை வாத்தியார்:

தம்பி, நீங்க சொல்லுத பாரம் அத்தனையும் நிஜம். வாத்தியாரைத் துண்டுப் பிரசுரத்தோட தெருவுல விட்டுட்டு, பாடம் நல்லா நடத்தலைன்னு சொல்லுததுல நியாயமே இல்லை. இதை நான் எந்த மேடையிலயும் சொல்லுவேன்.

ஆனா போர்ஷன் முடியாதுங்கிறதை நான் ஒத்துக்கிட மாட்டேன். ஒரு ஹவர்ல எத்தனை நிமிஷம் நோட்ஸ் சொல்லி எழுத வைக்கோம்னு கணக்குப் பாருங்க. அதை ஜெராக்ஸ் போட்டுக் கொடுத்துருங்க. டெரிவேஷனுக்கு என்பிடெல் (ஐஐடிகாரங்க நடத்துத இலவச ஆன்லைன் பாடம்) வீடியோ கிடக்கு, வீட்டுல பாத்துட்டு வரச் சொல்லுங்க. அப்படி மிஞ்சுத நேரத்துல ஒரு கேள்வி தாராளமா நடத்தலாம். எல்லா ஹவர்லயும் வேண்டாம், வாரத்துக்கு ரெண்டு போதும். அதுபோலத்தான் அடுத்தவர் வகுப்புக்குப் போறதும். மாசம் ஒரு ஹவர், அதையும் டைம்டேபிள்லயே போட்டுத் தரச் சொல்லிக் கேளுங்க. சொந்த ஃப்ரீ ஹவரைக் கொடுத்துச் செய்யுத எந்த ஏற்பாடும் நிலைக்காது.

அண்ணா யுனிவர்சிட்டி ரெகுலேஷன் 2021ல தியரிக்கு இன்டர்னல் 40 மார்க். முன்ன மாதிரி 20 கிடையாது. நம்ம கையில இருக்க அந்த 40-ஐ, அதே 2 மார்க், 13 மார்க் கேள்வியை முன்கூட்டி எழுதிப் பழகுததுக்கே செலவழிக்கணுமா? முதல் கைத்தூக்கல்ல எத்தனை பேரு, ரெண்டாவதுல எத்தனை பேருன்னு குறிச்சு வைங்க. என்பிஏகாரங்க வந்து பாடம் எப்படி மேம்பட்டுதுன்னு கேட்டா காட்டுததுக்கு உண்மையான தாள் ஒண்ணு இருக்கும்.

கயத்தாறு காற்றாலை:

நான் ஆசிரியர் இல்லை, மெயின்டனன்ஸ்ல இருக்கேன். எங்ககிட்ட வேலைக்கு வார பிள்ளைங்ககிட்ட ஒண்ணு கேப்பேன்: பழைய மெஷின்ல 4 போல் இன்டக்ஷன் ஜெனரேட்டர் 1520 ஆர்பிஎம்ல சுத்துது, ஸ்லிப் என்ன? நிறைய பேரு "ஸ்லிப் நெகட்டிவ்ல வராது சார், கணக்கு தப்பு"ன்னு சொல்லுதாங்க. கரண்ட் உற்பத்தியாகுததே, வேகம் 1500-ஐத் தாண்டி ஸ்லிப் நெகட்டிவ்ல போறதாலதான். கிரிட்ல இருந்து ரியாக்டிவ் பவர் (காந்தப்புலம் உண்டாக்கத் தேவையான பவர்) இழுக்குதே, அதுக்குத்தான கீழ கபாசிட்டர் வச்சிருக்குன்னு சொன்னா முழிக்காங்க. காலேஜ் பஸ்ஸுல தினம் காத்தாடியைப் பாத்துக்கிட்டே போன பிள்ளைங்கதான் எல்லாரும். மேடம், இந்தக் கேள்வியையும் எடுத்துக்கோங்க. பிள்ளைங்களைக் கூட்டிட்டு வாரதா இருந்தா முன்கூட்டி சொல்லுங்க, அனுமதிக்கு நான் கேட்டுப் பாக்கேன்.

நாங்குநேரி ட்ரிபிள்இ:

எல்லாருக்கும் நன்றி. ஹெச்ஓடிகிட்ட பேசிட்டேன். டைம்டேபிள்ல மாசம் ஒரு ஹவர் போட்டுத் தாரேன்னு சொல்லிருக்கார். பவர் எலெக்ட்ரானிக்ஸ் எடுக்குத மேடம் வார செவ்வாய் என் வகுப்புக்கு வாராங்க. அன்னைக்கு ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டர் (மோட்டாரை முதல்ல ஸ்டார் இணைப்புல கிளப்பி, பிறகு டெல்டாவுக்கு மாத்துதது). கேள்வி இப்படி வச்சிருக்கேன்: டெல்டாவுல நேரா ஸ்டார்ட் பண்ணும்போது டார்க் 100னா, ஸ்டார்ல எவ்வளவு? அ) 100, ஆ) 33, இ) 173. 'இ'க்கு ஒருத்தரும் கை தூக்க மாட்டாங்கன்னு தோணுது. வேற விடை ஏதும் சொல்லுங்களேன் சார்.

பாளை வாத்தியார்:

173-ஐ எடுத்துட்டு 58 போடுங்க மேடம். ஸ்டார்ல வோல்டேஜ் ரூட் மூணால வகுபடும்னு தெரிஞ்ச பிள்ளை நேரா அங்கதான் போகும். வர்க்கத்தை மறந்தவங்க யாருன்னு அதுல தெரிஞ்சிரும். 33 போட்டவங்களும் 58 போட்டவங்களும் பக்கத்துல பக்கத்துல இருக்க மாதிரி மட்டும் பாத்துக்கிடுங்க.