பர்மாவை (இன்றைய மியான்மரை) தென்கிழக்காசிய நாடுகளின் கூட்டமைப்பான ஆசியான் சேர்த்துக்கொண்டது சரியா?

தக்கலைப் பேரன்:
1990 பர்மா தேர்தலில் ஜனநாயகத் தலைவர் ஆங் சான் சூ கியின் கட்சி 485 இடங்களில் 392ஐ வென்றது. ராணுவம் ஆட்சியைக் கொடுக்கவில்லை. அமெரிக்காவும் ஐரோப்பிய ஒன்றியமும் எதிர்த்தும், அதே ராணுவத்தை 1997 ஜூலையில் ஆசியான் உறுப்பினராக்கியது. என் தாத்தா ரங்கூனில் கடை வைத்திருந்தவர். 1964இல் கடைகள் அரசுடைமையானபோது கட்டிய துணியோடு கப்பலேறி ஊர் வந்து சேர்ந்தார். எனக்கு இது வெறும் செய்தி அல்ல.

குளச்சல் கடலோரன்:
தம்பி, தாத்தாவின் வலி புரிகிறது. ஆனால் ஒதுக்கி வைத்திருந்தால் பர்மா முழுதாகச் சீனாவின் பக்கம் சாய்ந்திருக்கும். 2008 மே மாதத்து நர்கிஸ் புயலை நினைத்துப் பாருங்கள். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள், காணாமல் போனார்கள். வெளிநாட்டு உதவியைத் தடுத்து வைத்த ராணுவம், ஆசியான் முன்னின்று நடத்தும் என்ற பிறகே வழிவிட்டது. ஒக்கிப் புயலின்போது நம் தூத்தூர், சின்னத்துறைக் கரைகளில் கடலைப் பார்த்து நின்றவர்களுக்குத் தெரியும், உதவி வரும் வழி எவ்வளவு பெரிது என்று.

தக்கலைப் பேரன்:
அண்ணா, அந்த வழி திறக்க ஏறக்குறைய மூன்று வாரம் ஆனது. பதினோராண்டு உறவின் பலன் அவ்வளவுதானா? ஒக்கியில் ஒரு நாள் தாமதத்துக்கே நாம் எப்படிக் கொதித்தோம்!

மார்த்தாண்டம் டீச்சர்:
கம்போடியாவை இருவரும் மறந்துவிட்டீர்கள். அதே 1997 ஜூலையில் அங்கே இரு பிரதமர்களில் ஒருவரை மற்றவரான ஹுன் சென் ஆயுதபலத்தால் விரட்டினார். உடனே அதன் சேர்க்கையைத் தள்ளிவைத்தது ஆசியான், 1999இல்தான் சேர்த்தது. உள்நாட்டு விவகாரத்தில் தலையிடமாட்டோம் என்ற கொள்கை அன்று எங்கே போனது? பர்மாவிடமும் நிபந்தனை வைத்திருக்கலாம். வைக்க மனமில்லை.

குளச்சல் கடலோரன்:
கம்போடியா பற்றி டீச்சர் சொல்வதற்கு என்னிடம் பதில் இல்லை. ஆனாலும் பர்மாவில் 2021 ராணுவ ஆட்சிக் கவிழ்ப்புக்குப் பிறகு, அக்டோபர் உச்சி மாநாட்டுக்கு ராணுவத் தலைவர் மின் ஆங் லைங்கை ஆசியான் அழைக்கவில்லையே. உள்ளே இருப்பவனிடம்தான் நாற்காலியைப் பறிக்க முடியும்.

தக்கலைப் பேரன்:
நாற்காலி மட்டும்தான் போனது. அந்த ஏப்ரலில் ஜகார்த்தாவில் ஆசியான் தலைவர்களோடு அவர் ஒப்புக்கொண்ட ஐந்து அம்சங்களில் முதலாவது, வன்முறையை உடனே நிறுத்துவது. அதன் பிறகும் ஊர்கள் மீது விமானங்கள் குண்டு போட்டன. 2008இல் நடைமுறைக்கு வந்த ஆசியான் சாசனம் மனித உரிமையைப் பேசுகிறது. மீறும் உறுப்பினரை நீக்க அதில் ஒரு விதிகூட இல்லை.

குளச்சல் கடலோரன்:
அந்த விதி வேண்டும் என்பதில் உங்களோடு நிற்கிறேன் தம்பி. 1997இல் கதவைச் சாத்தியிருக்க வேண்டும் என்பதில் மட்டும் இல்லை.