கையால் செய்யும் கிட்டாருக்கு எத்தனை சுவிட்ச் வேண்டும்? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்

பால்மரத்துக்காரன்:
மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் எங்கள் வீட்டுப் பின்கட்டில் ஒரு எலெக்ட்ரிக் கிட்டார் உருவாகிக்கொண்டிருக்கிறது. உடம்பு பால்மரப் பலகை, அதாவது ரப்பர் மரம். மேசை செய்வதற்குத் துண்டு துண்டாகக் கோத்து ஒட்டி விற்பார்களே, அதுதான். தோட்டத்தில் மறுநடவுக்குச் சாய்த்த மரத்தைச் சும்மா தருகிறேன் என்று ஒரு மாமா சொன்னார். வேண்டாம் என்றுவிட்டேன். அறுத்தவுடன் மருந்து ஏற்றிக் காயவைக்காத பால்மரம் நீலம் பூத்துவிடும், அப்புறம் வண்டும் துளைக்கும்.

கழுத்து கடையில் வாங்கியது. தந்தி அதிர்வை மின்சாரமாக்கும் பிக்அப் இரண்டும் ஹம்பக்கர், அதாவது ஒவ்வொன்றிலும் இரண்டு காயில் (கம்பிச்சுருள்), வெளியே வருவது நான்கு கம்பி. பின்பக்கக் குழி இன்னும் தோண்டவில்லை. அதற்குள் சுவிட்ச் விஷயம் முடிவாக வேண்டும். எந்தப் பிக்அப் ஒலிக்க வேண்டும் என்று தேர்ந்தெடுக்க மூன்று நிலை டாகிள் ஒன்று நிச்சயம். அதோடு ஒரு காயிலை மட்டும் ஒலிக்கவிடும் காயில் ஸ்பிளிட் வைப்பதா, இரண்டு காயிலையும் தொடராகவோ பக்கவாட்டாகவோ இணைக்கும் சீரிஸ்-பேரலல் வைப்பதா, ஒரு பிக்அப்பின் அலையைத் தலைகீழாகத் திருப்பும் ஃபேஸ் சுவிட்சும் சேர்ப்பதா என்று குழப்பம். நான் வாசிப்பது பெரும்பாலும் கோயில் திருவிழா மேடைகளில். சாமி பாட்டு, பழைய சினிமாப் பாட்டு, கூட்டம் இளசாக இருந்தால் கொஞ்சம் ராக்.

மேடை அண்ணன்:
தம்பி, திருவிழா மேடை என்று சொல்லிவிட்டாய், அதனால் பாதிக் கேள்விக்குப் பதில் வந்துவிட்டது. ஸ்பிளிட் வேண்டாம்.

ஏன் என்று சொல்கிறேன். ஒரு தோட்டத்துக் கோயிலில் தீமிதிக்கு முந்தின இரவு கச்சேரி. மேடைக்குப் பின்னால் ஜெனரேட்டர், தலைக்கு மேலே வரிசையாகக் கலர் விளக்கு, அதற்கு டிம்மர். அப்போது என் கையில் இருந்த கிட்டாரில் இரண்டு ஹம்பக்கருக்கும் ஸ்பிளிட் உண்டு. ஒரு மெல்லிசைப் பாட்டுக்கு மணி மாதிரி சன்னமான கார்டு வேண்டும் என்று குமிழை மேலே இழுத்தேன். கார்டு நன்றாகத்தான் விழுந்தது. ஆனால் பாடகர் பல்லவிக்கு மூச்சு இழுக்கும் அந்தச் சின்ன இடைவெளியில் ஸ்பீக்கர் முழுக்க “ம்ம்ம்ம்” என்று ஒரு உறுமல். யாரோ டிம்மரைத் திருக, உறுமல் சிணுங்கலாக மாறியது. பாடகர் திரும்பி என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதை இங்கே எழுத முடியாது.

1955-ல் கிப்சன் கிட்டார் கம்பெனியில் சேத் லவர் ஹம்பக்கரை உருவாக்கியதே இந்த உறுமலை ஒழிக்கத்தான். இரண்டு காயில், காந்த முனையும் சுற்றும் ஒன்றுக்கொன்று எதிர். அதனால் தந்தியின் ஒலி கூடும், வெளியிலிருந்து வரும் 50 ஹெர்ட்ஸ் ஹம் கழியும். ஸ்பிளிட் செய்தால் ஒரு காயில் செத்துவிடுகிறது. மிஞ்சிய ஒற்றைக் காயில் குழல் விளக்கு, டிம்மர், டிரான்ஸ்ஃபார்மர் எல்லாவற்றையும் இழுத்துக்கொண்டு வரும்.

இரண்டு காயிலையும் உயிரோடு வைத்து பேரலலாக இணைத்துப் பார். சன்னமான ஒலி கிடைக்கும், ஹம்மும் வராது. மீட்டர் வைத்தால் சீரிஸில் சுமார் 8 கிலோ ஓம் காட்டும் பிக்அப், ஸ்பிளிட்டில் 4, பேரலலில் 2 காட்டும். சத்தம் குறையும், அதை மறைக்க மாட்டேன். அசல் சிங்கிள் காயிலின் ‘டிங்’ முழுசாக வராது என்பதும் உண்மை. ஆனால் எதிரே உட்கார்ந்திருக்கும் பாட்டிக்கு அந்த வித்தியாசம் தெரியாது. உறுமல் மட்டும் நன்றாகத் தெரியும்.

ஆறு சுவிட்ச்:
அண்ணே, எல்லாரும் உங்கள் மேடையிலேயே வாசிக்கப் போவதில்லை. நானும் சுங்கை சிப்புட்காரன்தான், இப்போது கிள்ளானில். கையால் செய்த கிட்டார் என்றாலே எனக்கு முதலில் நினைவு வருவது க்வீன் இசைக்குழுவின் பிரையன் மேயும் அவர் அப்பாவும் 1963-ல் ஆரம்பித்த அந்தச் சிவப்புக் கிட்டார். கழுத்து பழைய கணப்படுப்பின் மரச்சட்டம், ட்ரெமலோவுக்கு மோட்டார் சைக்கிள் ஸ்பிரிங். மூன்று பர்ன்ஸ் பிக்அப், ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆன்-ஆஃப், ஒரு ஃபேஸ். ஆக ஆறு சுவிட்ச். மூன்றும் சீரிஸில் போகும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: தனித்தனியாக மூன்று, இரண்டிரண்டாக நேர்-எதிர் சேர்த்து ஆறு, மூன்றும் சேர்ந்து நான்கு. மொத்தம் 13 ஒலி.

நான் அதே முறையில் என் கிட்டாரில் வைத்திருக்கிறேன். எதிர் ஃபேஸில் மூக்கால் பாடுகிற மாதிரி ஒரு ஒலி வருமே, அதற்கு ஓவர்டிரைவ் கொடுத்தால் ஆள் மயங்கிவிடுவான். இரண்டு ஹம்பக்கர், தனித்தனி வால்யூம் வைக்கிற தம்பிக்கும் இது வேலை செய்யும். எதிர் ஃபேஸில் ஒல்லியாகக் கேட்கிறதா, ஒரு வால்யூமை மட்டும் கொஞ்சம் இறக்கு. அடிக்குரல் திரும்பி வரும்.

மேடை அண்ணன்:
நல்ல கிட்டார்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் தவில்காரர் கையைத் தூக்கிவிட்டால் எனக்கு ஆறு சுவிட்சைத் தடவிப் பார்க்க நேரம் ஏது?

ஈப்போ ஈயம்:
ரிப்பேர் செய்கிறவன் பக்கமிருந்து சில விஷயம்.

ஃபேஸ் சுவிட்ச் வைக்கும் முன் பிக்அப்பின் உலோக மூடி எதில் சேர்ந்திருக்கிறது என்று பார்த்துக்கொள். நான்கு கம்பியும் தனியாக ஒரு வெற்றுக் கம்பியும் இருந்தால் கவலையில்லை, வெற்றுக் கம்பி எப்போதும் கிரவுண்டிலேயே இருக்கட்டும். வெளிப் பின்னலே கிரவுண்டாக இருக்கும் பழைய பின்னல் கம்பிப் பிக்அப்பில் ஃபேஸைத் திருப்பினால் மூடி ஹாட்டாகிவிடும், அதாவது ஒலி போகும் கம்பியோடு சேர்ந்துவிடும். கை பட்டால் கத்தும். என் மேசைக்கு அப்படி நிறைய வந்திருக்கிறது.

கம்பி நிறத்தை நம்பாதே. சீமோர் டங்கன் கம்பெனிப் பிக்அப்பில் கறுப்பு ஹாட், பச்சை கிரவுண்ட், வெள்ளையும் சிவப்பும் இரண்டு காயிலும் சேரும் நடுச் சந்திப்பு. டிமார்ஸியோ கம்பெனியில் சிவப்பு ஹாட், பச்சை கிரவுண்ட், கறுப்பும் வெள்ளையும் சந்திப்பு. பெயரில்லாத பிக்அப்பில் எதுவும் நடக்கும். மீட்டரை 20 கிலோ ஓமில் வைத்து எந்த இரண்டு கம்பி ஒரே காயில் என்று பிரித்துக்கொள். அப்புறம் காயிலின் காந்த முனைகள் மேல் ஒரு ஸ்குரூடிரைவரை ஒட்டவைத்து வெடுக்கென்று எடு. எண் ஒரு கணம் ஏறும் அல்லது இறங்கும். இரண்டு பிக்அப்பும் ஒரே திசையில் துள்ளினால் ஃபேஸ் சரி.

ஸ்பிளிட்டை அண்ணன் ரொம்பத் திட்டிவிட்டார். ஒரு வழி இருக்கிறது. இரண்டும் ஒரே தயாரிப்பு என்றால், ஒரு பிக்அப்பின் சந்திப்பைக் கிரவுண்டுக்கும் மற்றதன் சந்திப்பை ஹாட்டுக்கும் கொண்டுபோ. ஒன்றில் ஒரு பக்கக் காயில் மிஞ்சும், மற்றதில் எதிர்ப்பக்கக் காயில். டாகிளை நடுவில் வைத்தால் அந்த இரண்டு காயிலும் சேர்ந்து ஹம்மைக் கழித்துவிடும். தனித்தனியாக வைத்தால் உறுமும், அதற்கு மருந்தில்லை.

முடிவு எடுக்க முடியவில்லை என்றால் ஆன்-ஆன்-ஆன் வகை ஆறு முனை மினி டாகிள் வாங்கு. ஒரே சுவிட்சில் சீரிஸ், ஸ்பிளிட், பேரலல் மூன்றும் கிடைக்கும். விலை சில வெள்ளிதான் (ரிங்கிட்). சாதாரண ஆன்-ஆஃப்-ஆன் சுவிட்சை இதற்குப் பதிலாகக் கட்டிவிடுவார்கள், கேட்டு வாங்கு. இங்கே கிடைக்காவிட்டால் கோலாலம்பூர் ஜாலான் பாசாரில் கிடைக்கும்.

இன்னொன்று. ஃபெண்டர் கம்பெனியின் ஸ்ட்ராட்டோகாஸ்டர் கிட்டார் 1954-ல் வந்தபோது அதில் மூன்று நிலைதான். வாசித்தவர்கள் சுவிட்சை இரண்டு நிலைக்கு நடுவில் தள்ளி நிறுத்தி இடை ஒலியை எடுத்தார்கள். கம்பெனி ஐந்து நிலை வைத்தது 1977-ல். எது தேவை என்பதைக் கைதான் கண்டுபிடிக்கும். அதனால் நான்கு கம்பியையும் நறுக்காமல் நீளமாக விட்டுக் குழியில் சுருட்டி வை. ஆறு மாதம் கழித்து மாற்ற ஆசை வரும்.

பால்மரத்துக்காரன்:
அண்ணன்மார்களுக்கு நன்றி. நேற்று ராத்திரி அட்டையில் துளை போட்டு, சுவிட்சைச் சொருகிக் கண்ணை மூடிக்கொண்டு தடவிப் பார்த்தேன். டாகிளுக்குப் பக்கத்தில் மினி டாகிள் வந்தால் கை குழம்புகிறது. அதனால் ஃபேஸ் இல்லை. கழுத்துப் பக்கப் பிக்அப்புக்கு மட்டும் சீரிஸ்-பேரலல், அதையும் டோன் குமிழில் புஷ்-புல்லாக, அதாவது குமிழை இழுத்து அமுக்கும் சுவிட்சாக வைக்கப்போகிறேன். பிரிட்ஜ் பக்கம் எப்போதும் சீரிஸ். பேரலலில் சத்தம் குறைவதை நான் விரும்பித்தான் எடுத்துக்கொள்கிறேன், பாடகருக்குப் பின்னால் வாசிக்க அது வசதி. ராக் வந்தால் டாகிளைத் தள்ளினால் போதும்.

குமிழ்கள் 500 கே (கிலோ ஓம்), டோன் கெபாசிட்டர் 0.022 மைக்ரோஃபாரட். சரிதானே?

ஆறு சுவிட்ச்:
ஃபேஸ் இல்லாமல் ஒரு கிட்டாரா! சரி, உன் கிட்டார், உன் இஷ்டம். கிள்ளான் பக்கம் வந்தால் என்னுடையதை வாசித்துப் பார்த்துவிட்டுச் சொல்லு.

ஈப்போ ஈயம்:
ஹம்பக்கருக்கு 500 கே சரி. ஆனால் புஷ்-புல் சாதாரணக் குமிழைவிட இரண்டு மடங்குக்கு மேல் ஆழம் கேட்கும். கையில் வாங்கி அளந்த பிறகு குழி தோண்டு தம்பி. முன்பக்கம் ரொம்ப மெல்லிசாக விட்டுவிடாதே, குமிழை இழுத்து இழுத்து அந்த இடம் விரிசல் விடும். தண்டின் பல்லையும் பார்த்துக்கொள். மெட்ரிக் தண்டுக்கு 18 பல், அமெரிக்கத் தண்டுக்கு 24. குமிழின் மேல்மூடி மாறினால் உட்காராது.