கிராமத்து வீட்டில் இணையம் இல்லாமல் வாழ்வது எப்படி?

கேள்வி: கம்பிவழி இணையம் எட்டாத கிராமத்திற்குக் குடிபெயர்கிறோம், வீட்டுக்குள் கைபேசி சமிக்ஞையும் விட்டுவிட்டுத்தான் கிடைக்கிறது என்பதால், பிள்ளைகளின் படிப்பு தடைபடுமோ என்று கவலைப்படுகிறேன். என்ன வழி?

பதில் 1: சுவர்களே சமிக்ஞையைப் பெருமளவு குறைக்கின்றன. ஆகவே, கைபேசிக் கோபுரம் இருக்கும் திசையை நோக்கிக் கூரைமேல் ஆன்டெனா ஒன்றைப் பொருத்தி, அதனைச் சிம் அட்டை போடும் ரவுட்டருடன் இணைத்துப் பாருங்கள். 700 முதல் 900 மெகாஹெர்ட்ஸ் வரையிலான தாழ் அலைவரிசைகள் தொலைவிலும் எட்டும்.

பதில் 2: செயற்கைக்கோள் இணையமும் உண்டு. ஆனால் 35,786 கிலோமீட்டர் உயரத்திலுள்ள புவிநிலைச் செயற்கைக்கோள் (வானில் ஒரே இடத்தில் நிற்பதுபோல் தெரிவது) வழியே தகவல் போய்ப் பதில் வர ஏறத்தாழ அரை நொடியாவது ஆவதால், நேரலை வகுப்புகளில் உரையாடல் தடுமாறும். பூமிக்கு மிக அருகில் சுற்றும் செயற்கைக்கோள்கள் வழியான தாழ் சுற்றுப்பாதைச் சேவை கிடைத்தால் அதுவே நல்லது.

பதில் 3: படிப்புக்கு எந்நேரமும் இணைப்பு தேவையில்லை. கிவிக்ஸ் செயலியில் விக்கிப்பீடியாவை ஒருமுறை தரவிறக்கிவிட்டால் இணையமின்றியே படிக்கலாம். எங்கள் பிள்ளைகள் அப்படித்தான், கவனம் சிதறாமல் படிக்கிறார்கள்.